ஏழு எண்ணத் தெரிந்தால் போதும்

"தம்பி, நீ ரேடியோவுல பேசுற ஆளு. நீ சொன்னாலாவது கேப்பான். ஞாயித்துக்கிழம ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அக்கா அழாத குறையாகச் சொன்னபோது, பையன் ஏதோ பெரிய வம்பில் மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். எஸ்பிஎம் எழுதப் போகும் வயது. தூண்டித் துருவிக் கேட்டால், விஷயம் பாட்டு! அறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'பேய் கத்துற மாதிரி' பாட்டுக் கேட்கிறானாம். அத்தானுக்குக் கோபம் வந்து, பள்ளி விடுமுறையில் வேலை செய்து அவன் வாங்கிய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று வாரமாக அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் அக்காதான் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர்.

நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில், ரந்தாவ் பக்கம். என் சிறு வயதில் பால்மரம். இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. லயத்து வீடுகள் பாதிக்கு மேல் காலி. என்னோடு பிரட்டுக்களத்தில் பந்து விளையாடியவர்கள் நீலாய் தொழிற்சாலைகளிலும் கோலாலம்பூர் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அத்தான் மண்டோர் வேலையில் இருப்பதால் அக்கா குடும்பம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. தோட்டத்து முருகன் கோயில் பஜனைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கையில் ஜால்ராவை எடுத்தாரென்றால் திருப்புகழ் இரண்டு மணி நேரம் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அத்தான் முன் வராந்தாவில் நாளிதழை விரித்துவைத்து, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தார். "வாங்க மச்சான்" என்றதோடு சரி. அறைக்குள் போய்ப் பையனின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. மெட்டலில் எது மிகவும் கரடுமுரடோ அதில்தான் யூடியூப் அவனைக் கொண்டுபோய்த் தள்ளியிருந்தது. நீச்சல் தெரியாதவனை போர்ட்டிக்சன் கடற்கரையில் இறக்கிவிடாமல் நேராக நடுக்கடலில் தூக்கிப் போட்ட மாதிரி.

"மாமா, சிலது நல்லா இருக்கு. சிலது எனக்கே புரியல. எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்ல ஆளில்ல" என்றான்.

எனக்கு அந்த ஆள் கிடைத்தார். ஊடகத்துறை பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் என் அறைத் தோழன் கிளந்தான்காரன். ஒரு வெளி வன்தட்டு நிறைய பாட்டு வைத்திருந்தான். அதுவரை எனக்குத் தெரிந்த ராக் எல்லாம் ரஹ்மான் பாட்டின் நடுவில் வரும் கிட்டார் மட்டுமே. ஒரு மழை இரவில் அவன் விளக்கை அணைத்துவிட்டு ஒரு முழு இசைத்தொகுப்பைப் போட்டான். நாற்பத்து மூன்று நிமிடம் நான் பேசவில்லை. பேச்சையே பிழைப்பாக வைத்திருப்பவன் சொல்கிறேன், அது என் வாழ்க்கையில் ஓர் அதிசயம்.

புரோகிரசிவ் ராக் என்ற பெயர்தான் மிரட்டும். விஷயம் எளிது. 1960களின் கடைசியில் இங்கிலாந்து ராக் இசைஞர்கள் சிலருக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் இசை, கிராமத்துப் பாட்டு எல்லாவற்றையும் கலந்து நீளமாக, தாளம் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தார்கள். கிங் கிரிம்சன் குழு 1969இல் வெளியிட்ட முதல் தொகுப்பு கதவைத் திறந்துவிட்டது. பின்னாலேயே யெஸ், ஜெனிசிஸ் என்று வரிசையாக வந்தார்கள். ஜெத்ரோ டல் குழு 1972இல் ஓர் இசைத்தட்டு முழுவதற்கும் ஒரே பாட்டு போட்டது, நாற்பது நிமிடத்துக்கு மேல். ராகம் தானம் பல்லவிக்கு உட்கார்ந்து பழகிய ஊருக்கு இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?

தாளமும் அப்படித்தான். சினிமாப் பாட்டில் பெரும்பாலும் நாலு, இல்லையென்றால் மூன்று, ஆறு. இவர்கள் ஐந்துக்கும் ஏழுக்கும் போனார்கள். ஆங்கிலத்தில் இதற்கு விளக்கம் படித்தால் தலை சுற்றும். நமக்குக் கண்டம், மிஸ்ரம் என்று சொன்னால் முடிந்தது.

ஆகவே பையனுக்கு நான் முதலில் போட்டது, அந்த மழை இரவில் நான் கேட்ட அதே தொகுப்பு. பிங்க் ஃபிளாய்ட் 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்'. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 1973க்கும் 1988க்கும் இடையே 741 வாரம் இருந்த தொகுப்பு. கத்தல் கிடையாது, வேகம் கிடையாது. பணம், நேரம், சாவு, பைத்தியம் என்று நாம் தினமும் பயப்படும் விஷயங்களைப் பற்றியே பாடுகிறார்கள். அதில் 'மனி' என்ற பாட்டு கடைக் கல்லாப் பெட்டியின் ஓசையோடு தொடங்கும். அந்த ஓசையே தாளம். பிறகு பாஸ் கிட்டார் வரும்.

அறைக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, ஒலிபெருக்கியை வராந்தாவுக்குக் கொண்டுவந்துதான் அதைப் போட்டேன். அத்தான் நாளிதழை இறக்கவில்லை. ஆனால் நாளிதழின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் அசைந்தன. நான் பையனிடம், "இது எத்தனைன்னு எண்ணு பார்ப்போம்" என்றேன். அவன் நாலு நாலாக எண்ணி, தடுக்கி விழுந்து, மறுபடி எண்ணினான்.

"ஏழு" என்றது நாளிதழ்.

நாங்கள் இருவரும் திரும்பினோம். "மூணும் நாலும். திருப்புகழ்ல வர்றதுதான" என்றார் அத்தான், முகத்தைக் காட்டாமலேயே. சாக்சபோன் வாசிப்பு முடிந்து கிட்டார் தொடங்கியது. "இப்ப நாலுக்கு மாத்திட்டான்." கிட்டார் ஓய்ந்து பாட்டு திரும்பியது. "மறுபடியும் ஏழு." எனக்கு இந்தத் தாள மாற்றம் புத்தகத்தில் படித்த பிறகுதான் புரிந்தது. படிவம் மூன்றோடு பள்ளியை விட்ட மனிதர் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டார். அருணகிரிநாதரின் சந்தங்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய காது அது.

பையன் அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தான். பேசவில்லை. ஆனால் அறைக்குத் திரும்பியும் போகவில்லை.

இரண்டாவதாக, அதே குழுவின் 'ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்'. 1975இல் வந்தது. மனநலம் கெட்டுக் குழுவை விட்டுப் போன சிட் பேரட் என்ற நண்பனை நினைத்துச் செய்தது. எட்டு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் வாய்ப்பாட்டே தொடங்கும், அதுவரை ஆலாபனைதான். நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பாட்டுக்கு நாலரை நிமிடம்தான் கணக்கு. எட்டு நிமிடம் பாடகரே வாய் திறக்காத பாட்டை ஒலிபரப்பினால், விளம்பரத்தை எங்கே போடுவது என்று மேலதிகாரி என்னைத் தேடி வருவார். இந்த வகை இசை நம் காதுக்கு வராமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான். வானொலியைக் குறை சொல்வது எனக்கே நல்லதல்ல, விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது, எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு. கனடாவின் ரஷ் குழு 1981இல் 'மூவிங் பிக்சர்ஸ்' என்ற தொகுப்பு வெளியிட்டது. அதில் 'ஒய்ஒய்ஸெட்' என்று ஒரு வாத்திய இசை. மூன்றே பேர் வாசிப்பது. தோரொன்டோ விமான நிலையத்தின் குறியெழுத்துகள் அவை. அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸ் தந்தி மொழியில் அடித்தால் என்ன தாளம் வருமோ, அதுதான் பாட்டின் தொடக்கம். பையன் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். "குறிலுக்கு எத்தனை மாத்திரை?" என்றேன். "ஒன்னு." "நெடிலுக்கு?" "ரெண்டு." தந்தியில் புள்ளியைக் குறில் என்று வை, கோட்டை நெடில் என்று வை. ஒய் என்றால் நெடில், குறில், நெடில், நெடில்: ஏழு மாத்திரை. மறுபடி ஒய்: இன்னோர் ஏழு. ஸெட் என்றால் நெடில், நெடில், குறில், குறில்: ஆறு. ஆக மொத்தம் இருபது. அதை நாலு நாலாகப் பிரித்தால் ஐந்து. கண்ட நடை!

பாட்டைப் போட்டதும் அத்தான் நாளிதழை மடித்துக் கீழே வைத்துவிட்டார். காரணம், அந்தத் தந்தியை டிரம்மர் நீல் பியர்ட் தொடங்குவது சின்ன வெண்கலத் தட்டுகளில். ஜால்ராவுக்குப் பங்காளி முறை.

இதுவரை எல்லாம் சுமுகம். அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதெல்லாம் சரி தம்பி, அந்தப் பேய்ப் பாட்டு?" என்றார். மெட்டலுக்கு வந்தோம்.

அக்காவின் பயத்தை நான் சும்மா ஒதுக்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் பிளாக் மெட்டல் பற்றி நம் நாட்டில் வந்த செய்திகளைப் படித்த தலைமுறை அது. கறுப்புச் சட்டை போட்ட பையன் என்றாலே சந்தேகம். ஆனால் பிளாக் மெட்டல் என்பது மெட்டல் என்ற பெரிய மரத்தில் ஒரு கிளை மட்டுமே. வெறுப்பைப் பாடும் குழுக்கள் அதில் இருக்கவே செய்கின்றன. பிள்ளை கேட்கும் பாட்டின் வரிகளைப் பெற்றோர் படித்துப் பார்ப்பதில் தவறே இல்லை. கதவைத் தட்டிக் கேட்டால் போதும், கிட்டாரைப் பூட்ட வேண்டாம். இதை அத்தானுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

பிறகு அவர்களுக்கு டோனி ஐயோமியின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் தொழிற்சாலை நகரம். உலோகத் தகடு வெட்டும் ஆலையில் வேலை செய்த பதினேழு வயதுப் பையன். வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடதுகைக்காரர், கிட்டார் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். தந்தி இறுக்கமாக இருந்தால் விரல் வலிக்கும். அதனால் மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னர் தந்திகளைத் தளர்த்தவும் தளர்த்தினார். ஒலி கீழே இறங்கிக் கனத்தது. அவருடைய குழு பிளாக் சபாத். 1970இல் வந்த அதன் முதல் தொகுப்பிலிருந்துதான் மெட்டல் பிறந்தது என்பார்கள். பாடகர் ஓசி ஆஸ்போர்ன் அதற்கு முன் கசாப்புக்கூடத்தில் வேலை செய்தவர். 2025 ஜூலையில் அதே பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரியைப் பாடி முடித்து, அந்த மாதமே இறந்துபோனார்.

எங்கள் தாத்தாவுக்கும் ஒரு விரல் நுனி இல்லை. தோட்டத்து ரப்பர் ஆலை உருளையில் போனது. மிச்ச விரலால் அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது எனக்கும் அக்காவுக்கும் நினைவிருக்கிறது. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த முதல் தொகுப்பின் முதல் பாட்டில் வரும் சுர இடைவெளியைச் சாத்தானின் இடைவெளி என்று ஐரோப்பாவில் சொல்வார்கள். சட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம், அவ்வளவுதான். நம் கல்யாணி ராகத்தில் உட்கார்ந்திருக்கும் அதே மத்யமம். கல்யாணியைக் கேட்டு யாருக்கும் பேய் பிடித்ததாகத் தெரியவில்லை.

"இவரு மட்டும் என்னவாம்?" என்று அக்கா திடீரென்று எழுந்து உள்ளே போய் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்தார். தோள் வரை முடி, இறுக்கமான ஜீன்ஸ், கையில் யாரோ கொடுத்த கிட்டார். அத்தான்! 1989இல் சர்ச் குழுவின் 'இசபெல்லா' நாடெங்கும் ஒலித்த காலம். ரோக் காப்பாக், அதாவது 'கோடாலி ராக்', தோட்டத்துப் பையன்களையும் விட்டுவைக்கவில்லை. 1992இல் நீள முடி வைத்த ராக் பாடகர்களை ஆர்டிஎம் திரையில் காட்டக் கூடாது என்று தடை வந்தது. சர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் அவியும் முடியை வெட்டிக்கொண்டார்கள். "அப்ப உங்கப்பாவும் அழுதுக்கிட்டே வெட்டுனாரு" என்றார் அக்கா. பையன் மூன்று வாரத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான். அத்தான், "அது வேற" என்றார். எப்படி வேறு என்று சொல்லவில்லை.

இனி புரோகிரசிவ் மெட்டல். ரஷ் குழுவின் கணக்கையும் பிளாக் சபாத்தின் கனத்தையும் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பது. டிரீம் தியேட்டர் குழுவிலிருந்து தொடங்குங்கள். போஸ்டனில் இசைக் கல்லூரி மாணவர்கள் 1985இல் தொடங்கிய குழு. 1992இல் வந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' முதலில். அது பிடித்தால் 1999இல் வந்த 'சீன்ஸ் ஃபிரம் எ மெமரி'. இரண்டாவது முழுக்க ஒரே கதை. ஒருவன் மனோவசியத்தில் முற்பிறவிக்குப் போய், அங்கே நடந்த ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறான். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963இலேயே பார்த்த நமக்கு முற்பிறவிக் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? இந்தக் குழு மீது எனக்கு ஒரு குறை உண்டு. சில இடங்களில் விரல் வித்தை காட்டிக்கொண்டே போவார்கள், பாட்டு எங்கோ தொலைந்துவிடும். அப்போது எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

அடித்தொண்டை உறுமல் பிடிக்காதவர்கள் சுவீடனின் ஓபெத் குழுவின் 'டேம்னேஷன்' கேளுங்கள். 2003இல் வந்தது. உறுமல் ஒரு சொட்டுக்கூட இல்லை. மழை நாள் இசை. அதே பாடகர் 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' தொகுப்பில் உறுமவும் செய்கிறார், இனிமையாகப் பாடவும் செய்கிறார். அதைக் கேட்டால் உறுமல் என்பது தொண்டை கிழியக் கத்துவதல்ல, பயிற்சி செய்து எடுக்கும் ஒரு குரல் என்பது புரியும். முனியாண்டி கோயில் திருவிழாவில் சாமி இறங்கியவர் பேசும் குரல் நமக்குப் பழக்கம்தானே. அதற்கு நாம் பயப்படுகிறோம், ஆனால் காதைப் பொத்துவதில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் 1970களில் வயலின் எல்.சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோரோடு அமைத்த சக்தி குழு ராக் அல்ல. ஆனால் மெட்டல் டிரம்மர் பலர் இன்று கொன்னக்கோல் பழகுவதற்கு அங்கிருந்து ஒரு வழி போகிறது. கொஞ்சம் கேட்டுவைத்தால் நல்லது. பெங்களூரின் அகம் குழுவைத் தவறவே விடாதீர்கள். ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடுகிறார், வயலினும் வாசிக்கிறார். 2012இல் வந்த முதல் தொகுப்பில் 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' என்று ஒன்று. தியாகராஜரின் 'பண்டுரீதி கோலு'தான் அது, ஹம்சநாதத்தில், பின்னால் கனத்த கிட்டார். நான் ஒருமுறை நள்ளிரவு நிகழ்ச்சியில் அதை ஒலிபரப்பினேன். பகாவிலிருந்து ஒரு நேயர் அழைத்தார். லாரி ஓட்டுபவர். பாராட்டவில்லை, திட்டவில்லை, பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

கடைசியாக ருத்ரா. நம் பக்கத்து வீடான சிங்கப்பூரில் 1992இல் இந்திய வம்சாவளி இளைஞர்கள் தொடங்கிய குழு. டெத் மெட்டலில் சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் வைத்தார்கள். தங்கள் இசைக்கு 'வேத மெட்டல்' என்று பெயரும் சூட்டினார்கள். பாடுபவரும் பாஸ் வாசிப்பவரும் கதிரேசன் என்பவர். 'பிரம்மவித்யா' என்ற பெயரில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள். இது புதியவர்களுக்கான படி அல்ல, கடைசிப் படி. பையனின் கைப்பேசியில் அது ஏற்கெனவே இருந்தது. அக்கா பேய் என்று நினைத்தது இவர்களைத்தான்!

அதையும் போட்டோம். அத்தான் கண்ணை மூடிக் கேட்டார். "மந்திரம் சரியாத்தான் சொல்றான். தொண்டைக்குத்தான் மிளகு ரசம் வச்சுக் குடுக்கணும்" என்றார்.

வேலைக்குப் போகும் இளையோருக்கு ஒரு யோசனை. சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயிலில் போகிறவர்கள், கைப்பேசியில் பாட்டைத் தாண்டித் தாண்டிப் போகாமல் ஒரு பயணத்துக்கு ஒரு முழுத் தொகுப்பு என்று வையுங்கள். முதல் தடவை பிடிக்காது. மூன்றாவது தடவை வரை முடிவு சொல்ல வேண்டாம். கையில் தாளம் போடுங்கள், பக்கத்து இருக்கைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். வரிகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஒரே வாரத்தில் பத்துக் குழு கேட்காதீர்கள். எல்லாம் ஒன்றுபோல் கேட்கும், வெறுத்துவிடும்.

கிட்டார் இன்னும் கோயில் சாமான் அறையில்தான் இருக்கிறது. "எஸ்பிஎம் முடியட்டும்" என்பது அத்தானின் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மச்சான் சொல்லுக்கு அங்கே மதிப்பு அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை இரவு பையனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சு இல்லை. வெறும் ஜால்ராச் சத்தம். நெடில், குறில், நெடில், நெடில். ஏழு. மறுபடி ஏழு. அப்புறம் நெடில், நெடில், குறில் என்று போய் ஓரிடத்தில் தடுக்கி நின்றது. "ச்சே, ஆறுல விட்டுட்டேன். இன்னொருக்கா எடுடா" என்று அத்தான் குரல்.